பதின்மூன்றாம் மாதத்தின் மூன்று புள்ளிகள்

நான் பல் செய்கிறவள். ஜெர்மனியின் பான் நகரில், பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் அச்சுகளைக்கொண்டு செயற்கைப் பற்கள் செய்யும் சிறிய கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். நோயாளியின் வாய்க்குள் வைத்து எடுத்த அச்சு எங்களிடம் வரும்போது அதில் எச்சில் காய்ந்திருக்கும். சில நாட்களில் இரத்தமும், காலையில் சாப்பிட்ட பாணின் துணுக்கும் இருக்கும். கழுவி, மருந்தில் ஊறவைத்து, உள்ளே வெண்சாந்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுப்பேன். முன்பின் தெரியாத ஒருவரின் வாய் வெள்ளையாக என் மேசைமேல் இருக்கும். கொண்டாட்டங்களில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "உனக்கு அரியண்டமாய் இல்லையோ?"

இல்லை. ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. ஆனால் நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மரப்பலகை விஷயத்தில் எனக்கு வந்த அரியண்டம் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதுமில்லை. சொன்னால் அதில் என் பங்கையும் சொல்ல வேண்டிவரும்.

பலகைக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். ஜெர்மானியர், எழுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். முன்பற்கள் இரண்டுக்கு நிறம் பார்ப்பதற்காக மருத்துவர் அவரை எங்கள் கூடத்துக்கே அனுப்பியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நிறமாதிரிகளை அவருடைய பல்லோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கண்ணில் மாட்டியிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் உற்றுப் பார்த்தார்.

"பல்லுக்கு எடுக்கிற மாதிரி மரத்துக்கும் அச்சு எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"மரம் வாயை மூடாது. பல்லைவிடச் சுலபம்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த வாரமே, பழைய போர்வை ஒன்றில் சுற்றி அந்தப் பலகையைக் கொண்டுவந்தார்.

முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வரும் நீளம். கரும்பழுப்பு மரம். இரண்டு பக்கமும் இடைவெளியே இல்லாமல் சிறிய சிறிய உருவங்கள் செதுக்கியிருந்தன. கையைத் தூக்கிய மனிதர்கள், நீண்ட அலகுப் பறவைகள், மீன்கள், பிறைகள், செடிகள். பசிபிக் கடலின் நடுவே தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவின் எழுத்து அது என்றார். ரொங்கோரொங்கோ என்று பெயர். கருங்கண்ணாடிக் கல்லாலும் சுறாமீன் பல்லாலும் செதுக்கினார்களாம். பல்லால் எழுதிய எழுத்து என்றதும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. அடிமை பிடிக்க வந்த கப்பல்களும் அவற்றுக்குப் பின்னால் வந்த அம்மை நோயும் தீவின் ஆட்களை அள்ளிக்கொண்டு போனபோது, அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. உலகம் முழுதும் இரண்டு டசின் பலகைகள்தான் மிச்சம்.

அவரிடம் இருந்தது மூலம் அல்ல, பிரதி. எங்கோ ஒரு அருங்காட்சியகத்தில் உள்ள மூலப்பலகையைப் பார்த்து யாரோ முன்னொரு காலத்தில் செதுக்கியது. சேகரிப்பாளர் ஒருவர் இறந்தபின் அவருடைய வீட்டுச் சாமான்களோடு இவருக்குக் கிடைத்திருக்கிறது. பிரதிக்கு ஒரு பெருமை உண்டு என்றார். மூலத்தில் ஒரு மூலை உக்கி அழிந்துவிட்டது. பிரதி அதற்கு முன்பே செய்யப்பட்டதால், அந்த மூலையில் என்ன இருந்தது என்பது இந்தப் பலகையில் மட்டும்தான் இருக்கிறது.

அவருக்குச் சாந்துப் பிரதிகள் வேண்டியிருந்தன. மரத்தில் பென்சிலால் கோடு போட அவருக்கு மனமில்லை. வெண்சாந்தில் என்றால் உருவங்களுக்கு விதவிதமாக நிறம் பூசி ஒப்பிடலாம். நான் பலகையின் இரு பக்கங்களுக்கும் ரப்பர் அச்சு எடுத்து, நான்கு பிரதிகள் வார்த்தேன். மூன்றை ஒழுங்காகச் செய்தேன். நான்காவதை வெள்ளிக்கிழமை பின்னேரம் செய்தேன். காற்றை உறிஞ்சிக்கொண்டு சாந்து குழைக்கும் இயந்திரத்தில் வேறொருவர் வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கையாலேயே குழைத்து ஊற்றினேன். கையால் குழைத்தால் காற்றுக்குமிழிகள் நிற்கும். குமிழி நின்ற இடத்தில், இறுகிய பிறகு குழி இருக்கும். பல் வேலையில் அப்படி ஒன்று வந்தால் தூக்கியெறிந்துவிட்டுத் திரும்பச் செய்வோம். இது நிறம் பூச மட்டும்தானே என்று நான்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஒன்று பழுது என்று சொல்லவும் இல்லை. கூடவே, ஓரங்களில் ஒட்டியிருக்கும் சாந்தைச் சுரண்டச் சொல்லி, நாங்கள் செயற்கைப் பல் குடைந்து, தேய்ந்ததும் ஒதுக்கிய குமிழ்முனைத் துளையூசிகள் சிலவற்றையும் கொடுத்தேன். அவரிடம் கையில் பிடித்து வேலை செய்யும் சின்னத் துளையிடும் கருவி ஒன்று இருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். முதலில் பிரதிகளின் ஓரத்தைச் சரிசெய்யப் போனேன். பிறகு சும்மா போனேன். என் கணவருக்கு ஆச்சரியம். "அந்தாள் உன்னை வைச்சு வேலை வாங்குறார்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாட்டில் நான் பத்து வயதிலிருந்து இருக்கிறேன். என் கண்ணையும் கையையும் தவிர வேறெதையும் யாரும் கேட்டதில்லை. இவர் "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். அது எனக்கு இனித்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவருடைய வரவேற்பறை மகா சுத்தம். வெள்ளை மேசைவிரிப்பு, அதன்மேல் கோப்பி, பிளம்ஸ் பழக் கேக். அதன் நடுவே பலகை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. உருவம் தெளிவாகத் தெரிவதற்காகப் பெருவிரலை நாக்கில் நனைத்து மரத்தில் தேய்ப்பார். எச்சில் பட்ட இடம் கறுத்து, கோடுகள் எழுந்து நிற்கும். அதே விரலால் கேக்கை வெட்டி என் தட்டில் வைப்பார். ஊர் பேர் தெரியாதவர்களின் எச்சிலைத் தினமும் கழுவுகிற எனக்கு இந்த விரல் ஏன் அரியண்டமாக இருந்தது என்று அப்போது விளங்கவில்லை.

அந்தப் பலகை ஒரு நாட்காட்டி என்பது அவருடைய கொள்கை. வேறொரு பலகையில் வரிசையாகப் பிறைகள் வருகின்றன, அவை நிலவின் இரவுகளைக் குறிக்கின்றன என்பதை ஆராய்ச்சியாளர்களே பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்களாம். இவர் அதற்கும் மேலே போனார். தன்னுடைய பலகையில் ஆண்டு முழுவதும், பருவம் பருவமாக எழுதியிருக்கிறது என்றார். ஒரு வரியை வாசித்து முடித்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரியை வாசிக்க வேண்டும். அது உண்மையிலேயே அந்த எழுத்தின் வழக்கம். அவர் திருப்பித் திருப்பிச் சொல்லுவார்: இது சர்க்கரைவள்ளி, எங்கள் வற்றாளைக்கிழங்கு, நடும் காலம். இது கடற்பறவைகள் முட்டையிட வரும் காலம். இது பெரிய மீன்களைப் பிடிக்கக்கூடாது என்று தடைபோட்ட காலம். விடியற்காலையில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் கிழக்கே எழும்போது புது ஆண்டு.

சில சனிக்கிழமைகளில் அது எனக்கும் அப்படியே தெரிந்தது. ஒரு மீன், இரண்டு பிறை, குனிந்த மனிதன். கடல் மூடியிருக்கிறது, எல்லோரும் தோட்டத்துக்குப் போங்கள் என்று யாரோ சொல்வது போலிருந்தது.

ஆனால் கணக்கு இடித்தது. பன்னிரண்டு நிலவுமாதங்கள் ஒரு சூரிய ஆண்டை நிரப்பாது. பருவம் தவறாமல் இருக்க, சில ஆண்டுகளில் பதின்மூன்றாவது மாதம் ஒன்றைக் கூட்ட வேண்டும். அந்தப் பதின்மூன்றாவது மாதத்தைப் பலகையில் காணவில்லை. அவர் மாதக்கணக்காகத் தேடினார். முகம் வற்றிப்போனது.

பிறகொரு சனிக்கிழமை, நான் மணியை அழுத்துவதற்கு முன்பே கதவைத் திறந்தார். மேசைமேல் ஷாம்பெயின் கிண்ணங்கள் இரண்டு இருந்தன. சாந்துப் பிரதி ஒன்றை விளக்குக்குச் சரித்துப் பிடித்தார். மூலத்தில் உக்கிப்போன அந்த மூலையில், ஒரு பிறையின் பக்கத்தில், மூன்று சிறிய புள்ளிகள்.

"மூன்று! மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டு என்று எழுதியிருக்கிறது. நாட்காட்டி பூட்டிக்கொண்டது" என்றார்.

நான் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஒரு விநாடி போதுமாயிருந்தது. ஒழுங்கான வட்டம், வழுவழுப்பான உட்சுவர், கருவி பட்ட தடமே இல்லை. வருடக்கணக்காக நான் திட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குமிழி. என் வெள்ளிக்கிழமை அவசரம்.

அவர் கிண்ணத்தை நீட்டினார். அவர் கண்ணில் நீர் நின்றது. நான் வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் எனக்கு நிம்மதி இல்லை. அடுத்த சனிக்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அந்த மூன்று புள்ளிகளும் என்னுடைய பிழை. அவை காற்றுக்குமிழிகள். மற்ற மூன்று பிரதிகளையும் பாருங்கள், அவற்றில் இருக்காது. மரத்தைப் பாருங்கள், அதிலும் இருக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் பலகையை எடுத்து விளக்கருகே பிடித்தார்.

"மரம் தேய்ந்திருக்கலாம்" என்றார்.

"சாந்து இந்த மரத்திலிருந்துதானே வார்த்தது? மரத்தில் இல்லாதது சாந்தில் எப்படி வரும்?"

"கண்ணுக்குத் தெரியாததை அச்சு பிடிக்கும் என்று நீங்கள்தானே ஒருமுறை சொன்னீர்கள்?"

நான் அப்படிச் சொன்னது உண்மை. பல்லின் வெடிப்புகளைப் பற்றிச் சொன்னேன். "இது அது இல்லை" என்றேன்.

"நான் இன்னொரு தடவை சரிபார்க்கிறேன்" என்று சொல்லி, என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். அன்று கேக் தரவில்லை. பிறகு கூப்பிடவும் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன், மனுஷன் கவலையில் இருக்கிறார், தானாகத் தெளிவார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் என்றுகூட நினைத்தேன்.

ஏழெட்டு மாதங்கள் கழித்து எசன் நகரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்றின் தலைவர்.

"தங்கச்சி, நீங்கள்தானே அந்தப் புரொபெசரோட சேர்ந்து வேலை செய்யிறது?"

"அவர் புரொபெசர் இல்லை அண்ணை. பள்ளிக்கூட வாத்தியார்."

"ஓம் ஓம், அது பரவாயில்லை. எங்கட விழாவுக்குப் பேச வாறார். அவரே எழுதிக் கேட்டவர். அந்தத் தீவுச் சனத்துக்கு வருசம் பிறக்கிறது கார்த்திகை வெள்ளி வானத்தில எழும்பேக்கயாம். எங்கட கார்த்திகை! நாங்கள் எங்கயெல்லாம் போயிருக்கிறம் பாருங்கோ. நீங்கள்தான் தமிழில மாத்திச் சொல்லவேணும்."

"அந்த வெள்ளியை உலகத்தில எல்லாச் சனமும்தான் பாக்குது அண்ணை. அதுக்காக அவை எங்கட ஆக்கள் ஆகேலாது."

"இதை நாங்கள் சொன்னால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். வெள்ளைக்காரன் ஒராள் மேடையில நிண்டு சொன்னால்தான் எங்கட பிள்ளையளுக்கும் ஏறும். வாங்கோ தங்கச்சி."

வெள்ளைக்காரன் சொன்னால்தான் என்ற அந்த வாசகம் காதில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்போதே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. குமிழிகளைப் பற்றி நான் சொல்லிவிட்டேன், ஆகவே அவர் அதை விட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடையில் நின்று தமிழ் பேசும் ஆசையும் இருந்தது. அதை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எசனில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. இருநூறு கதிரைகள். பின்னாலிருந்த குசினியிலிருந்து வடை பொரிகிற மணம். மேடையில் ஒரு மேசை, மேசைக்கு மேலே கமரா, அதன் படம் பெரிய திரையில். அவர் சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, என்னைக் கண்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தார். நான் செய்துகொடுத்த பற்கள் பளிச்சென்றிருந்தன.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. கிழங்கு நடுவதையும் கடற்பறவைகள் முட்டையிட வருவதையும் நான் சொன்னபோது சனம் உன்னிப்பாகக் கேட்டது. மீன்பிடித் தடையைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருவர் "எங்கட கடல்லயும் அப்பிடித்தானே" என்றார். எனக்குத் தமிழ் தடையில்லாமல் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் கைதட்டினார்கள்.

பிறகு அவர் பலகையை நகர்த்தி, கமராவுக்குக் கீழே அந்த மூலையை வைத்தார்.

மரத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன.

திரையில் ஒவ்வொன்றும் தட்டு அளவில் தெரிந்தது. குமிழிபோல் வழுவழுப்பாக இல்லை. சுழலும் ஊசி மரத்தில் இறங்கும்போது விடுகிற நெளிவு வளையங்கள் சுவரில் தெரிந்தன. அடியில் மரத்தின் புது நிறம், இளமஞ்சளாக. மேல் விளிம்பில் கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. சப்பாத்துக்குப் போடும் மையாக இருக்கலாம். அந்த ஊசியின் அளவு எனக்குத் தெரியும். பல்லில் சொத்தை எடுக்கிற மிகச்சிறிய குமிழ்முனை. நான் கொடுத்தது.

"சாந்துப் பிரதியில் முதலில் கண்டோம். பிறகு மரத்திலும் உறுதிசெய்துகொண்டோம்" என்று அவர் ஜெர்மனில் சொல்லிவிட்டு, நான் மொழிபெயர்ப்பதற்காகத் திரும்பிப் பார்த்தார்.

கொண்டோம் என்றார். கொண்டேன் என்று சொல்லவில்லை.

நான் மொழிபெயர்த்தேன். அதுதான் நடந்தது. என் வாய் திறந்து, நல்ல தமிழில், "முதலில் சாந்துப் பிரதியில் கண்டார்கள், பின்னர் மரத்திலும் உறுதிசெய்தார்கள்" என்று இருநூறு பேருக்குச் சொன்னது. பழுதான பல்லைத் திறக்கும்போது ஒரு நாற்றம் வரும். அது என் வாய்க்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது. சனம் கைதட்டியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் கூடும் என்பதையும் சொன்னேன். அதற்கும் தட்டியது.

கேள்வி நேரம் வந்தது. இரண்டாவது வரிசையில், குளிர்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். அறுபது வயதிருக்கும்.

"கேள்வி அவருக்கில்லை, உங்களுக்குத்தான். நீங்கள் அந்த மரத்தைக் கையில வைச்சுப் பாத்தனீங்களோ தங்கச்சி? அந்த மூண்டு ஓட்டையும் முந்தியே இருந்ததோ?"

கேள்வி யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

"இல்லை அக்கா" என்றேன். ஒலிவாங்கி என் குரலைப் பெரிதாக்கியது. "முந்தி இருக்கேல்லை. சாந்தில இருந்தது நான் விட்ட பிழை, காத்துக் குமிழி. இதை நான் அவருக்குச் சொன்னனான். மரத்தில இருக்கிறது இப்ப துளைச்சது. நான் குடுத்த ஊசியாலதான் துளைச்சிருக்கு. மூண்டு வருசக் கணக்குப் பொய். நான் இவ்வளவு நேரமும் சொன்னதில அந்தப் பகுதியும் பொய்."

ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. நான் நீளமாகப் பேசுவதைக் கண்டு, தன்னைப் புகழ்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். "துளைச்சது" என்று நான் பலகையைக் காட்டியபோது, அவரும் பெருமையாகப் பலகையைக் காட்டினார். முன்வரிசையில் சிலர் அவருடைய சிரிப்பைப் பார்த்துத் தாங்களும் சிரித்தார்கள்.

தலைவர் வந்து ஒலிவாங்கியை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தார். "தங்கச்சி கொஞ்சம் பகிடியாக் கதைக்கிறா. ஆராய்ச்சி எண்டால் இப்பிடிக் கருத்து வேறுபாடு இருக்கும்தானே. நேரம் போட்டுது. இப்ப எங்கட புரொபெசருக்குப் பொன்னாடை."

கைதட்டல். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு எனக்கும் ஒன்று. விலகி நிற்க இடம் இருந்தது, நான் விலகவில்லை. சரிகை கழுத்தில் அராவியது. படம் எடுத்தார்கள். அவர் என் தோளில் கை வைத்தார். நாக்கில் நனைக்கிற அந்தப் பெருவிரல் என் தோளெலும்பில் அழுத்தியது.

மேடையை விட்டு இறங்கியதும் தலைவரிடம் போனேன். "அண்ணை, நான் பகிடி விடேல்லை."

"தெரியும் தங்கச்சி" என்றார், சாப்பாட்டுப் பொதிகளை எண்ணிக்கொண்டே. "சனம் சந்தோசமாப் போகுது. இதை இப்ப கிண்டி என்ன காணப்போறம்? வடை எடுத்தனீங்களோ?"

அதுதான் என்னை உலுக்கியது. அவருக்கு விளங்கியிருந்தது. நான் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். அவர்களுக்குப் பொய் வேண்டியிருந்தது, கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ஆசிரியரும் நானும் ஒரே ரயில். பொன்னாடையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். எதிர் இருக்கைக்காரர் பார்ப்பதை ரசித்தார். டுய்ஸ்பேர்க் தாண்டியதும் நான் ஜெர்மனில் சொன்னேன்.

"நான் மேடையில் கடைசியாகப் பேசியது நன்றியுரை இல்லை. நீங்கள் மரத்தில் துளை போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னேன்."

அவர் முகம் மாறவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "அதனால்தான் அந்தப் பெண் கைதட்டவில்லையா?" என்றார். பிறகு, "நான் ஒன்றையும் சேர்க்கவில்லை. இருந்திருக்க வேண்டியதைத் தெரியச் செய்தேன். அந்த இடத்தில் பதின்மூன்றாவது மாதம் இல்லாவிட்டால் நாட்காட்டியே நிற்காது. நிற்காத நாட்காட்டியை யார் செதுக்குவார்கள்?"

"அது நாட்காட்டியே இல்லாமல் இருக்கலாம்."

"பதினோரு வருடங்கள்" என்றார். குரல் ஒருகணம் உடைந்தது. எனக்கு இரக்கம் வரத்தான் பார்த்தது. அதற்குள் அவர் சிரித்துக்கொண்டே, "நல்ல வேளை, மறுத்துச் சொல்லக்கூடிய ஒருவரும் மிச்சமில்லை" என்றார்.

"அந்தத் தீவில் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்."

"அவர்களாலும் வாசிக்க முடியாதே."

கப்பலில் ஏற்றப்பட்டவர்களும் அம்மையில் போனவர்களும் இவருக்கு வசதி செய்துகொடுத்தவர்கள் ஆகிவிட்டார்கள். அவர் தொடையில் தட்டினார், நல்ல பகிடி சொன்னவர்போல. எனக்கு வாய் ஊறியது, வாந்தி வருவதற்கு முன் ஊறுமே, அப்படி. நான் இறங்கவேண்டிய இடம் பான். அதற்கு முன்பே, கொல்ன் நகரில் எழுந்து இறங்கிவிட்டேன். அவர் "இது பான் இல்லையே" என்றார். கதவு மூடியது. நிலையத்துக் கழிப்பறையில் வாயைக் கொப்பளித்தேன், மூன்று தடவை, நான்கு தடவை. பக்கத்தில் கைகழுவிய ஒருத்தி எனக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். ஓம் என்று தமிழில் சொன்னேன்.

புத்தகம் அடுத்த வசந்தத்தில் வந்தது. தன் செலவில் அச்சிட்டிருந்தார். அட்டையில் அந்த மூன்று புள்ளிகள், நிலவைப்போலப் பெரிதாக்கி. நன்றிப் பக்கத்தில் என் பெயர்: "பொறுமையான கைகளுக்கு" என்று. சங்க மலரில் பொன்னாடைப் படம் வந்தது, கீழே என்னை ஆராய்ச்சியாளர் என்று போட்டிருந்தார்கள். திருத்தம் போடச் சொல்லித் தலைவருக்கு எழுதினேன், பதில் இல்லை. அப்படியான பலகைகளைப் பற்றித் தெரிந்த ஓர் அருங்காட்சியகத்துக்கும் நடந்ததை எழுதினேன். பணிவான பதில் வந்தது. இப்படியான வாசிப்புகள் அடிக்கடி வருகின்றன, துறையில் யாரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை, கவலைப்பட வேண்டாம் என்று. ஆறுதலுக்குத்தான் எழுதியிருந்தார்கள். படித்ததும் இன்னும் அரியண்டமாக இருந்தது. தெரிந்தவர்கள் ஏமாறவில்லை. ஏமாறச் சம்மதித்தவர்கள் என் ஆட்கள், என் மொழியில், என் குரலில்.

அந்தக் கோடையில் ஒருநாள் எசன் பெண் கூப்பிட்டார். குளிர்கோட்டோடு எழுந்து கேட்டாரே, அவர்தான். என் தொலைபேசி இலக்கத்தை யாரிடமோ வாங்கியிருந்தார். "எனக்கு பான் கண் ஆசுப்பத்திரியில டெர்மின் இருக்கு, டொக்டரைப் பாக்க நேரம் தந்திருக்கினம். பத்து நிமிசம் உங்களைப் பாக்கேலுமோ?"

நிலையத்துக்கு எதிரே இருந்த வெதுப்பகத்தில் சந்தித்தோம். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். ஊரில் கணிதம் படிப்பித்தவர். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். விழா அழைப்பிதழின் பின்பக்கம் முழுக்க எண்கள்.

"நான் ஓட்டையைப் பாத்துக் கேக்கேல்லை தங்கச்சி. எனக்கு அவ்வளவு கண் தெரியாது. கணக்குத்தான் இடிச்சது. நிலா வருசம் பதினொரு நாள் குறைவு. மூண்டு வருசத்தில முப்பத்துமூண்டு. ஒரு மாசத்தைக் கூட்டினாலும் மூண்டரை நாள் மிஞ்சும். முப்பது வருசத்தில ஒரு மாசத்துக்கு மேல பிசகிப்போகும். கிழங்கு நடுற சனம் அப்பிடி ஒரு கணக்கை மரத்தில வெட்டி வைக்குமோ?"

நான் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் அந்த ஆசிரியரும், ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளில் நானும், அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

"அந்தச் சனம் பறவை வாற நாளைப் பாத்தே மாசத்தைத் திருத்தியிருக்கும்" என்றார் அவர். "வானமும் கடலும் முன்னுக்கு இருக்கேக்க ஓட்டை எதுக்கு?"

"ஓம் அக்கா."

கோப்பியை முடித்தார். காகிதத்தை மடித்துத் திரும்ப வைத்துக்கொண்டார். அதை எனக்குத் தருவார் என்று எதிர்பார்த்தேன், தரவில்லை.

"நீங்கள் ஏன் நான் கேக்கும்வரைக்கும் பேசாமல் நிண்டனீங்கள்?"

பல பதில்கள் தயாராக இருந்தன. பயம், மரியாதை, சந்தர்ப்பம். அவருடைய முகத்தைப் பார்த்து அவற்றில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"கைதட்டினவை" என்றேன். "எனக்கு அது பிடிச்சிருந்தது."

அவர் "ம்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை, கையைத் தொடவும் இல்லை. நேரம் பார்த்தார். "கண்ணுக்கு மருந்து விடுவினம், பிறகு எனக்கு இலக்கம் வாசிக்க ஏலாது. எத்தினையாம் ட்ராம்?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து, கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் போனார்.